கையில் வாங்காத காகிதம்

1

போன மாதத்தோடு நான் இந்த இங்கிலாந்துக்கு வந்து இருபத்தேழு வருஷம் முடிந்தது. தேதி எனக்கு மறக்காது. அன்று காலையில் எழுந்ததும் ஒரு பால்பாயசமாவது வைக்கலாம் என்று அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். தபால் வந்து விழுந்தது. வாழ்த்துக் கடிதமாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து வந்த கடிதம் அது.

சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இனவெறி எதிர்ப்பில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று மதிப்பிட்டு மார்க் போடுவதுதான் என் வேலை. அந்த வேலையிலிருந்து ஓராண்டுக்கு என்னை விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை நானே மாணவியாக உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டுமாம். அதற்கு முன்னால், இரண்டு வாரத்துக்குள், 'என் நடத்தையைப் பற்றி நான் உணர்ந்தது என்ன' என்று மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைத் திருத்துகிறவரிடம் நேரில் கொடுக்க வேண்டுமாம். திருத்துகிறவர் பெயரும் போட்டிருந்தது. இளஞ்செழியன். எங்கள் ஊர்க்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர்.

பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தப் பாடத்தை உண்டாக்கினவளே நான்தான். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! கோபத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட இருந்தவரே கழுத்தறுத்ததை எப்படிப் பொறுப்பது? அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

சமூகப்பணி என்றதும் உங்களுக்கு ரத்ததான முகாமும் இலவச நோட்டுப் புத்தகமும் நினைவுக்கு வரும். இங்கே அது படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்கத்தில் பதிவு செய்து பார்க்கிற உத்தியோகம். ஒரு குழந்தையை அதன் தாயிடம் விட்டு வைக்கலாமா, பிரித்து எடுக்கலாமா என்று அறிக்கை எழுதுகிற உத்தியோகம். கறுப்பினத் தாய் கத்தினால் 'ஆபத்தானவள்' என்று எழுதும் அதே கை, வெள்ளைக்காரத் தாய் கத்தினால் 'மன அழுத்தத்தில் இருக்கிறாள்' என்று எழுதிவிடும். அதனால்தான் இனவெறி எதிர்ப்பு என்று ஒரு பாடம். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

சரி, தேறிவிட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? முதலில் கட்டுரைதான் எழுத வைத்தோம். அடேயப்பா, என்ன கட்டுரைகள்! எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் தங்கள் பாட்டன் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டார்கள். ஒருத்தி எழுதினதைப் படித்து எனக்கே கண் கலங்கி எண்பது மார்க் போட்டேன். மறுவாரம் அவளோடு ஒரு சோமாலியக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தேநீர் கொடுத்தார்கள், தொடவில்லை. வெளியே வந்து, "எவ்வளவு அன்பான குடும்பம்!" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். எழுதுவதற்கு மார்க் போட்டது போதும், இனிக் கைக்குப் போடலாம் என்று. புதுப் படிவம் ஒன்று தயாரித்தேன். மாணவரோடு கூடவே போய்ப் பார்க்க வேண்டும். கை எங்கே இருந்தது, பை எங்கே இருந்தது, நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போட்டார், கொடுத்ததைச் சாப்பிட்டாரா. மாணவர்களும் தங்களைச் சுற்றியிருப்பவர்களை இதே படிவத்தை வைத்துக் கவனித்து எழுத வேண்டும். அதில் மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற பேதம் கிடையாது. துறையில் எல்லோரும் சிரித்தார்கள். 'செல்வியின் கைப் படிவம்' என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள். எனக்காகப் பேசி அதை நிறைவேற்றி வைத்தவர் இளஞ்செழியன் அண்ணன்தான். அதை இன்றைக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

3

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குத்தாலம் பக்கம் எங்கள் கிராமம். அவருடைய அப்பாதான் ஊரின் மிராசுதார். எங்கள் அப்பா அவர்களுடைய பண்ணையாள். அவர் அப்பாவை ஊரே ஐயா என்று கூப்பிடும். அவரை நாங்கள் சின்னய்யா என்போம். எனக்கு ஐந்து வயது மூத்தவர்.

ஐயா கட்சிக்காரர். கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முன்பிருந்தே கொடி பிடித்தவர். மேடை ஏறினால் சாதியை ஒழித்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தக் காலத்தில் கூட்டத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோய்த் தலைவர்களிடம் பெயர் வைக்கச் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியும். என்னையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஐயா மேடையிலேயே என்னைக் கையில் வாங்கி 'தமிழ்ச்செல்வி' என்று பெயர் வைத்தாராம். யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். ஐயா என்னைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், நான் வாயைத் திறந்து அழுகிறேன்.

நான் விடுதியில் தங்கிப் படித்து, மெட்ராஸில் சமூகப்பணி முடித்து, உதவித்தொகையில் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது, கல்லூரி வாசலில் ஒருத்தர் தமிழில், "எந்த ஊர்மா?" என்று கேட்டார். பார்த்தால் சின்னய்யா! எனக்கு முன்பே வந்து இங்கே விரிவுரையாளர் ஆகியிருந்தார். பதறிப்போய் ஊரையும் என் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன். "சின்னய்யாவெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்துட்டோம் செல்வி. இங்க அண்ணேன்னு கூப்பிடுங்க," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதெல்லாம் பஸ் ஓட்டுகிறவர் முதல் தபால்காரர் வரைக்கும் எல்லோரையும் 'சார்' போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன் நான். எனக்கு இங்கிலீஷ் அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். என் மகள் மதி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுவந்தது அவர் வீட்டு அண்ணி.

இனவெறி எதிர்ப்பு வகுப்பை அவர் அந்தப் படத்தைக் காட்டித்தான் ஆரம்பிப்பார். "என் தந்தை, ஒரு விவசாயத் தொழிலாளியின் குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கிறார். நான் வளர்ந்த வீடு இதுதான்," என்பார். மாணவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தக் குழந்தை நான்தான் என்று அவர் சொன்னதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நானும் வெட்கப்பட்டுச் சிரிப்பேன். சிரித்தேனே! இருபது வருஷமாகச் சிரித்தேனே!

4

ஜாய்ஸ் என் மாணவி. நாற்பதைத் தாண்டியவள். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வருஷ முடிவில் அவளுடைய குறிப்பேட்டைத் திருத்த எடுத்தேன். யாரைக் கவனித்து எழுதியிருக்கிறாள் என்று பார்த்தால், என்னை.

"என் மதிப்பீட்டாளர் ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு எதையும் கையில் கொடுத்ததில்லை. காகிதத்தை மேசையில் வைப்பார். கையை இழுத்துக்கொள்வார். நான் எடுக்கும்வரை காத்திருப்பார். நான் எதையாவது நீட்டினால் மேசையைக் காட்டுவார். முதல் நாள் மற்ற ஐந்து பேருடன் கைகுலுக்கினார், என்னுடன் இல்லை. என் அம்மா சலவைக் கடையில் நின்ற காலத்தில் வாடிக்கையாளர்கள் ரசீதை அம்மா கையில் தராமல் பலகைமேல் போடுவார்களாம். இவர் நிறம் என் நிறத்துக்குப் பக்கத்து நிறம். அதனால்தான் இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது."

படித்துவிட்டு நான் என் கைகளைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது!

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் மூலைக்கடையில் ரொட்டி வாங்கினேன். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார். என் கை போகவில்லை. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு அதைப் பலகையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். எத்தனை வருஷமாக அந்த மனிதர் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறாரோ, தெரியாது.

5

ஐயா வீட்டில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் எதுவும் கைமாறாது. அவர்கள் கீழே வைத்தால் நாங்கள் எடுப்போம். நாங்கள் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனால் அவர்கள் எடுப்பார்கள். வாயைத் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள். ஐயாவின் மோவாய் லேசாக ஒரு பக்கம் அசையும். அங்கே வை என்று அர்த்தம். அம்மா எனக்கு அதை மரியாதை என்றுதான் சொல்லிக் கொடுத்தாள். "பெரிய மனுசங்ககிட்ட கைய நீட்டிக்கிட்டு நிக்காதடி. வச்சிட்டு வா." நானும் நல்ல பெண்ணாகக் கற்றுக்கொண்டேன். யார்மேல் மரியாதையோ அவர்களிடம் கையை நீட்டுவதில்லை. வெள்ளைக்காரர்கள் அவர்களாகவே கையை நீட்டிவிடுகிறார்கள், குலுக்கித்தானே ஆகவேண்டும்? ஜாய்ஸ் நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை.

நான் எட்டாவது படித்த வருஷம் நில உச்சவரம்புக்காகத் தாசில்தார் எங்கள் ஊருக்கு விசாரணைக்கு வந்தார். சட்டம் கொண்டுவந்தது ஐயாவின் கட்சி ஆட்சி. ஐயாவிடம் சட்டம் அனுமதித்ததைப்போலப் பலமடங்கு நிலம். என்ன செய்தார்? மாமன் மச்சான் பெயரிலும் பண்ணையாட்கள் பெயரிலும் எழுதி வைத்துவிட்டார். எங்கள் அப்பா பெயரில் பன்னிரண்டு மா. ஏறக்குறைய நாலு ஏக்கர். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்துக்கொண்டிருந்த சங்கத்துக்காரர் ஒருவர் அப்பாவிடம் வந்து கெஞ்சினார். "உண்மையச் சொல்லிடுங்க அண்ணே. அது உபரி நிலம்னு ஆயிட்டா உங்களப் போல ஆளுக்குத்தான் பிரிச்சுக் குடுப்பாங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சோறு போட்ட வீடுப்பா," என்றார்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தாசில்தார் நிலத்தின் நான்கு எல்லையைக் கேட்டால் தடுமாறக் கூடாதே? அதற்கு நான் தேவைப்பட்டேன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த சின்னய்யா ஒரு காகிதத்தில் அழகாக எழுதிக் கொண்டுவந்தார். நான் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தேன். காகிதத்தை வரப்பில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மண்கட்டியையும் வைத்தார். "அப்பாவுக்கு மனப்பாடம் பண்ணிக் குடு செல்வி. ஒரு வார்த்தை மாறக் கூடாது," என்றார். அவர் நகர்ந்ததும் எடுத்துக்கொண்டேன். கிழக்கே பெரிய வாய்க்கால். மேற்கே கோயில் மானியம். தெற்கே வண்டிப்பாதை. வடக்கே மூங்கில் குத்து. நாலு நாள் அப்பா நாற்று முடிச்சுக் கட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன்.

சாவடியில் ஊரே கூடியிருந்தது. "நிலம் யாருது?" என்று தாசில்தார் கேட்டார்.

"என்னுதுங்கய்யா," என்றார் அப்பா. நான்கு எல்லையையும் ஒப்பித்தார். பிசகே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, என்ன கொடுமை பாருங்கள்.

தாசில்தார் பட்டாவை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அங்க வைங்கய்யா, எடுத்துக்கறேன்."

"ஏய்யா, உன் நிலத்துப் பட்டாய்யா. கையில வாங்கு."

அப்பா இன்னும் ஓரடி பின்னால் போனார். வாங்கவே இல்லை. தாசில்தார் விழித்தார். தோளில் கட்சித் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயா சிரித்தார். "விடுங்க சார். அது அவங்க பழக்கம். நாங்க எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தூணோரம் நின்ற சின்னய்யாவும் சிரித்தார். சாயங்காலம் அப்பா அந்தப் பட்டாவை எடுத்துப் போய் ஐயா வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவர்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். ஐயா எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

6

ஜாய்ஸ் எழுதியதை நானே திருத்த முடியாது. விசாரணைக் குழுவுக்குப் போயிற்று. குழுத் தலைவர் ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மையார், நியாயமானவர். குழுவில் இளஞ்செழியன் அண்ணனும் ஒருவர்.

இரண்டு நாளைக்கு முன்பே அவருக்குப் போன் போட்டேன். "அண்ணே, நான் சொன்னா சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்ம ஊர்ல இப்படி ஒரு வழக்கம் இருந்துச்சு, இவ அதுல கீழ்ப்பக்கத்துல நின்னவன்னு. ஜாய்ஸ் எழுதினது தப்புன்னு சொல்ல வேணாம். அவளுக்கு வலிச்சது வலிச்சதுதான். காரணத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

"இதெல்லாம் சொல்லணுமா செல்வி? நான் பாத்துக்கறேன். நிம்மதியாத் தூங்குங்க," என்றார். நானும் தூங்கினேன்.

குழு முன்னால் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீழே வைப்பது, இரண்டடி பின்னால் போவது, மோவாய் அசைவது எல்லாம். யார் வீடு என்று மட்டும் சொல்லவில்லை. அதை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஹெலன் கவனமாகக் கேட்டார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்களும் அதே கிராமம்தானே? இப்படி ஒரு வழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நல்ல இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகப் பேசினார். "தென்னிந்தியாவில் சில பின்தங்கிய இடங்களில் முன்பு இருந்திருக்கலாம். எங்கள் பகுதி சமூகநீதி இயக்கம் வேரூன்றிய பகுதி. எங்கள் ஊரில் நான் அப்படிப் பார்த்ததில்லை. என் தந்தை செல்வியைக் கையில் ஏந்தியிருக்கும் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்."

கடைசியாக என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது அவருடைய தனிப்பட்ட பழக்கமாக இருக்கலாம்."

எனக்குக் காதில் சாவடியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அவங்க பழக்கம். அப்பன் தமிழில் சொன்னதை மகன் இங்கிலீஷில் சொன்னார். எழுந்து, "பொய்!" என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதுவும் பழக்கம்தான் போலிருக்கிறது.

வெளியே நடைபாதையில் வேகமாகப் பின்னால் வந்தார். "செல்வி, கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. அப்பா போய்ச் சேந்துட்டாரு. இவங்க முன்னாடி அவர் பேரக் கெடுக்கச் சொல்றீங்களா? அவர் நல்லவர். உங்களுக்கு விடுதியில இடம் வாங்கிக் குடுத்தவர்."

"எங்கப்பாவும் போய்ச் சேந்துட்டாருண்ணே. உங்க வீட்டுக்காகப் பொய் சொல்லிட்டுப் போய்ச் சேந்தாரு. உங்கள ஒரே ஒரு உண்மைதான் கேட்டேன்."

"ஒரு வருஷம் விலக்கி வைப்பாங்க, அவ்வளவுதானே. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பேசியிருக்கேன்."

பேசியிருக்கிறாராம்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழக் கூடாது என்று படியிறங்கிப் போய்விட்டேன்.

7

ஜாய்ஸைத் தேறவைத்துவிட்டார்கள், அதில் எனக்கு முழுச் சம்மதம். அந்த வருஷம் படிவத்தைச் சரியாக நிரப்பியவள் அவள் ஒருத்திதான். கடிதம் வந்த மறுநாள் கல்லூரி உணவகத்தில் அவளைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், காரணத்தையும் சொன்னேன்.

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"எனக்கே தெரியாதே ஜாய்ஸ்."

"சரி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கையை நீட்டியவர்களிடம் நீட்டினாய். நான் நீட்டுவேன் என்று ஏன் காத்திருந்தாய்? நீ என் ஆசிரியை. நீயே முதலில் நீட்டியிருக்கலாமே?"

என் காரணம் உண்மை, அவள் கேள்வியும் உண்மை. அவள் எழுந்து போய் ஒரு காகிதக் குவளையில் தேநீர் வாங்கி வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மேசை பக்கத்திலேயே இருந்தது. அவள் வைக்கவில்லை. நான் கையை நீட்டி வாங்கினேன். சரியான சூடு. விரல் சுட்டது, ஆனாலும் கீழே வைக்காமல் குடித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

ராத்திரி மதிக்குப் போன் செய்தேன். லண்டனில் வேலை, இருபத்திரண்டு வயது. வாரத்துக்கு ஒரு தடவை பேசுவாள், அதிலும் பாதி இங்கிலீஷ். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, என்கிட்டயும் நீ அப்படித்தான்," என்றாள்.

"என்னடி சொல்ற?"

"ஸ்கூலுக்கு லஞ்ச் பாக்ஸ் குடுப்பியே. மேசையில வச்சிட்டுத் தள்ளி நிப்ப. மத்த பிள்ளைங்களோட அம்மா எல்லாம் கையில குடுத்து கிஸ் பண்ணுவாங்க. நீ தினமும் என்மேல கோபமா இருக்கேன்னு நினைப்பேன்."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"தமிழ்ல அத எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

என்னத்தைச் சொல்ல! ஐயா வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரை நான் கடல்தாண்டித் தூக்கிவந்து என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு அந்த மூன்று பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

8

நேற்று அதைக் கொடுக்கப் போனேன்.

அவர் அறையில் அந்தப் படம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். நேற்றும் இருந்தது. கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். "வாங்க செல்வி," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். நான் மேசைக்கு எதிரே நின்று காகிதத்தை நீட்டினேன்.

அவர் மோவாய் லேசாக ஒரு பக்கம் அசைந்தது, மேசை மூலையைப் பார்த்து.

அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாமல் இருந்த மாதிரிதான். என் கை தன்னால் மேசைப் பக்கம் இறங்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். மறுபடி நீட்டினேன். அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். கை வலித்தது.

"கையில வாங்குங்க சின்னய்யா," என்றேன்.

தட்டுவது நின்றது. இருபத்தேழு வருஷமாக நான் சொல்லாத வார்த்தை அது. அவர் என்னைப் பார்த்தார், நீட்டியிருந்த கையைப் பார்த்தார், மேசை மூலையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்து நின்று காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். அவர் விரல் என் விரல்மேல் பட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்து மூன்று. இதுவே முதல் தடவை.

முதல் பக்கத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. நான்கு வரிதான், தமிழில். கிழக்கே பெரிய வாய்க்கால். மேற்கே கோயில் மானியம். தெற்கே வண்டிப்பாதை. வடக்கே மூங்கில் குத்து. அவர் எழுதிக்கொடுத்த அதே வரிசையில், ஒரு வார்த்தை மாறாமல். அடுத்த பக்கத்திலிருந்து இங்கிலீஷில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். யார் வீடு, யார் நிலம், காகிதத்தை வரப்பில் வைத்தது யார் என்று பெயரோடு. ஒரு படியை ஹெலனுக்கும் காலையிலேயே அனுப்பிவிட்டேன்.

அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். கொடுத்துவிட்டுப் பின்னால் போகத்தான் என் கால் பார்த்தது. போகவில்லை. அவர் மூன்றாவது பக்கம் முடிக்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.